லொன்னுக்குள் பின்னம் வந்தால்: மறைச் சுட்டியா, ஈவு விதியா?

முல்லைத்தீவிலிருந்து உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் தங்கை ஒருவர், லொன் எனப்படும் இயற்கை மடக்கைக்குள் பின்னம் வந்தால் எப்படிச் சுருக்குவது என்று கேட்டிருந்தார்: "பள்ளிக்கூடத்தில ரீச்சர் ஈவு விதியாலதான் செய்து காட்டுறா. ரியூசன் சேர் கீழ கிடக்கிறதை மறைச் சுட்டி போட்டு மேல ஏத்தச் சொல்றார். அண்ணா வேற மாதிரிச் செய்யிறார். மூண்டிலயும் ஒரே விடைதான் வருது. அப்ப நான் எதைப் பழகிறது?"

கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருகிறது. வன்னியில் இணைந்த கணிதத்தை இரண்டு வருடமும் ஒரே ஆசிரியரிடம் படித்து முடிக்கும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. ஆசிரியருக்கு இடமாற்றம் வரும், ரியூசன் மாறும், யாழ்ப்பாணத்துச் சேர் ஒருவர் சனி ஞாயிறில் வந்து கருத்தரங்கு வைப்பார், மிச்சத்தை இரவில் கைத்தொலைபேசியில் வீடியோவாகப் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த வழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையின் கொப்பியில் எல்லாம் கலந்து கிடக்கும்.

விடை ஒன்றுதானே, எந்த வழியில் போனால் என்ன என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வழிகள் வேறுபடுவது ஒரே ஓர் இடத்தில்: மறைக்குறி எந்த வரியில் பிறக்கிறது என்பதில். அது பிந்திப் பிறக்கப் பிறக்கத் தொலைந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. இயற்கை மடக்கையை வகுப்பில் வாயால் சொல்வதுபோல லொன் என்றும், அதன் அடியான 2.71828… என்ற எண்ணை ஈ என்றும் எழுதுகிறேன். மாறிகளுக்கு க, ச, ப. வேறுவிதமாகச் சொல்லாதவரை இவை நேர் எண்கள். மறைச் சுட்டி என்பது 1/8 ஐ 2⁻³ என்று எழுதும்போது வரும் −3 போன்ற சுட்டி. ஈவு விதி என்பது லொன்(க/ச) = லொன் க − லொன் ச.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, மேலே சொன்ன மறைக்குறி. இரண்டாவது, அடைப்புக்குறி எத்தனை தேவை என்பது. குறிப்பிழைகளில் பெரும்பங்கு போட மறந்த அடைப்பிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, அடுத்த வரியில் என்ன செய்யப்போகிறோம் என்பது. லொன்னைச் சுருக்குவது அநேகமாக முடிவு அல்ல. அதற்குப் பிறகு வகையிட இருக்கும், தொகையீட்டின் எல்லைகளைப் பிரதியிட இருக்கும், அல்லது சமன்பாடு தீர்க்க இருக்கும். அடுத்த வரிக்கு உதவாத சுருக்கம் சுருக்கமே இல்லை.

நான்காவது, கல்குலேற்றர் இல்லாமல் முடியுமா என்பது. கணிதப் பிரிவுப் பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. ஆகவே வீட்டில் அதை நம்பிப் பழகிய வழி அங்கே கைவிட்டுவிடும். ஐந்தாவது, எந்த நிபந்தனையில் அந்த வழி பொய்யாகும் என்பது. இதைத்தான் குறைவாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வேகத்தை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. வழிகளுக்கிடையே ஒரு வரி, இரண்டு வரிதான் வித்தியாசம். ஆனால் ஒரு குறி தவறினால் அதன் பின்னால் வரும் பகுதி முழுவதும் போய்விடும்.

| வழி | மறைக்குறி பிறக்கும் இடம் | கைகொடுக்கும் இடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மறைச் சுட்டி | சுட்டியில், முதல் வரியிலேயே | பெருக்கலும் வகுத்தலும் மட்டும் உள்ள கோவை. வகையிடல் | கூட்டல் வந்தால் உடையும். குணகத்தையும் சேர்த்து இழுக்கும் ஆபத்து |
| ஈவு விதி | இரண்டு லொன்களுக்கு நடுவில் | மேலும் கீழும் வெவ்வேறு கூட்டல் கோவைகள். தொகையீட்டு எல்லைகள் | அடைப்பு மறந்தால் குறி மாறும் |
| வரைவிலக்கணம் | ஈயின் சுட்டியில் | சமன்பாடு தீர்த்தல்; சந்தேகம் தீர்த்தல் | புது மாறி, கூடுதல் வரிகள் |
| தசமப் பெறுமானம் | விடையில் மட்டும் | விடையைச் சரிபார்த்தல் | மண்டபத்தில் கிடையாது. விடையின் வடிவம் தெரியாமற் போகும் |

## மறைச் சுட்டி வழி

பகுதியில், அதாவது பின்னக்கோட்டுக்குக் கீழே, நிற்கும் வலுவை மேலே கொண்டுவரும்போது அதன் சுட்டி மறையாகும். லொன்னுக்குள் இருப்பது முழுவதும் ஒரே வலுவென்றால் அந்தச் சுட்டி முன்னே குணகமாக இறங்கும். இவ்வளவுதான் வழி.

லொன்(1/ஈ³) = லொன்(ஈ⁻³) = −3
லொன்(1/8) = லொன்(2⁻³) = −3 லொன் 2
லொன்(0.04) = லொன்(1/25) = லொன்(5⁻²) = −2 லொன் 5

இத்தனை சிறிய கணக்குக்கு எந்த வழியும் போதும். இந்த வழியின் பெறுமதி பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் நிற்கும்போதுதான் தெரியும். லொன்(க²/(ச³ப)) என்று ஒரு கோவை வந்தால், உள்ளே இருப்பதை க² ச⁻³ ப⁻¹ என்று எழுதிவிடலாம். பிறகு ஒவ்வொரு காரணியும் தன் குறியைத் தானே சுமந்துகொண்டு வெளியே வருகிறது:

2 லொன் க − 3 லொன் ச − லொன் ப

அடைப்பு ஒன்றுமே தேவைப்படவில்லை. இதே கோவையை ஈவு விதியால் விரிக்கும் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

இரண்டாவது பலன், பின்னம் இல்லாததுபோல் நிற்கும் கோவைகளில். ஒரு தொகையீட்டின் விடை உங்களுக்கு லொன்(2 − √3) என்று வருகிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் −லொன்(2 + √3) என்று இருக்கிறது. பிழை விட்டுவிட்டோம் என்று முழுப்பக்கத்தையும் வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். (2 − √3)(2 + √3) = 4 − 3 = 1. ஆகவே ஒன்று மற்றதன் மறை ஒன்றாம் வலு. லொன்(2 − √3) = லொன்((2 + √3)⁻¹) = −லொன்(2 + √3). இரண்டு விடையும் ஒன்றுதான், பெறுமானம் ஏறத்தாழ −1.317. பின்னக்கோடே தெரியாத இந்த இடத்தில் ஈவு விதி யாருக்கும் நினைவுக்கு வராது.

தான்சனின் தொகையீடும் இதே குடும்பம். சிலர் −லொன்|கோசைன்| என்று பாடமாக்குகிறார்கள், சிலர் லொன்|சீக்கன்| என்று. சீக்கன் என்பது கோசைனின் மறை ஒன்றாம் வலுவென்பதால் ஒன்றை எழுதினால் மற்றது கிடைக்கும். 0 இலிருந்து 60 பாகை வரை தொகையிட்டால் −லொன்(1/2) வரும். அதை அப்படியே விட்டுவிடாமல் லொன் 2 என்று முடியுங்கள். "எனக் காட்டுக" என்று கேட்கும் வினாக்களில் இந்தக் கடைசி வரிதான் கேட்பதும் கொடுப்பதும் சந்திக்கும் இடம்.

வகையிடும்போது இந்த வழிக்குப் போட்டியே இல்லை என்பது என் கருத்து. லொன்(1/(3க + 1)²) ஐ அப்படியே சங்கிலி விதியால் வகையிட்டால் பின்னத்துக்குள் பின்னம் வந்து மூன்று வரி ஓடும். முதலில் −2 லொன்(3க + 1) என்று எழுதிவிட்டால் விடை −6/(3க + 1), ஒரே வரி.

இனிச் செலவு. இந்த வழியைப் பழகிய கை எதையும் மேலே ஏற்றப் பார்க்கும், கூட்டலையும் சேர்த்து. லொன்(1/க + 1/ச) ஐ −லொன் க − லொன் ச என்று எழுதுவது அதனால் வரும் பிழை. இரண்டையும் 2 என்று வைத்துப் பாருங்கள்: உள்ளே 1/2 + 1/2 = 1, அதன் லொன் 0. பிழையான விரிவு −2 லொன் 2, அதாவது −1.386 தரும். சரியான வழி முதலில் பொதுப்பகுதி எடுப்பது: (க + ச)/(கச). பிறகு லொன்(க + ச) − லொன் க − லொன் ச. அந்த லொன்(க + ச) ஐ இனி யாராலும் உடைக்க முடியாது.

அடுத்தது குணகம். லொன்(5ஈ⁻³) என்பதில் சுட்டி ஈக்கு மட்டும் சொந்தம். ஆகவே விடை லொன் 5 − 3, ஏறத்தாழ −1.391. சுட்டியை முழுவதற்கும் முன்னால் இறக்கி −3 லொன்(5ஈ) என்று எழுதினால் −7.83 க்கு அருகே போய்விடும். இரசாயனவியலில் பீஎச் கணிக்கும்போது இதே கவனத்தை அறியாமலே எடுத்துக்கொள்கிறீர்கள்: ஐதரசன் அயன் செறிவு 2 × 10⁻³ என்றால் பீஎச் 3 இலிருந்து 2 இன் மடக்கையான 0.301 ஐக் கழித்து 2.70. அங்கே யாரும் 2 ஐச் சுட்டியோடு சேர்த்து இழுப்பதில்லை. லொன்னில் மட்டும் ஏன் இழுக்க வேண்டும்?

லொன்(க⁻¹) வேறு, (லொன் க)⁻¹ வேறு. க = ஈ² என்றால் முதலாவது −2, இரண்டாவது 1/2. சுட்டி லொன்னுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்த பின்தான் இறக்க வேண்டும்.

கடைசியாக, இரட்டைச் சுட்டி. லொன்(க⁻²) என்பதற்கு க = −3 என்றாலும் பொருள் உண்டு, ஏனென்றால் உள்ளே 1/9. அதை −2 லொன் க என்று எழுதியவுடன் மறை எண்ணுக்கு லொன் கேட்கிறோம். க எந்தக் குறி என்று வினா சொல்லாவிட்டால் −2 லொன்|க| என்று மட்டுக்குறி போட்டு எழுதவேண்டும்.

## ஈவு விதி வழி

லொன்(க/ச) = லொன் க − லொன் ச. சின்ன வகுப்பிலிருந்தே அடி 10 மடக்கையில் பழகிய விதி என்பதால் பலருக்கும் இதுதான் கைக்கு முதலில் வரும். ரீச்சர் இதைத் தெரிந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது: வகுப்பில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கலாம், புதிதாக ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

லொன்(1/8) = லொன் 1 − லொன் 8 = 0 − லொன் 8. இங்கே லொன் 1 = 0 என்ற ஒரு வரி கூடுதல், வேறு நட்டமில்லை. நட்டம் தொடங்குவது பகுதியில் இரண்டு காரணி வந்தால்:

லொன்(க²/(ச³ப)) = லொன் க² − லொன்(ச³ப) = 2 லொன் க − (3 லொன் ச + லொன் ப)

அந்த அடைப்பை விட்டுவிட்டு 2 லொன் க − 3 லொன் ச + லொன் ப என்று எழுதிய விடைத்தாளைப் பார்க்காத கணித ஆசிரியர் இருக்கமாட்டார். விதி தெரியாததால் வரும் பிழை அல்ல இது. ஒரே மறைக்குறி இரண்டு உறுப்புகளுக்கு வேலை செய்யவேண்டியிருப்பதால் வருவது.

இன்னொரு குழப்பம், லொன்(8/2) ஐயும் லொன் 8/லொன் 2 ஐயும் ஒன்றென நினைப்பது. முதலாவது லொன் 4, ஏறத்தாழ 1.386. இரண்டாவது சரியாக 3. மறைச் சுட்டி வழியில் போகிறவருக்கு இந்தக் குழப்பம் வர இடமே இல்லை.

ஆனால் ஈவு விதிதான் சரியான தெரிவு என்று நான் சொல்லும் இடங்கள் உண்டு. பகுதிப் பின்னங்களாக உடைத்துத் தொகையிட்டால் விடை லொன்|க − 1| − லொன்|க + 1| என்ற வடிவில்தான் பிறக்கிறது. அதை ஒன்றாக்கும்போது ஈவு விதியைப் பின்னிருந்து முன்னாகப் பயன்படுத்துகிறோம். எல்லைகள் போடும்போதும் அப்படியே: 3 இலிருந்து 12 வரை 1/க ஐத் தொகையிட்டால் லொன் 12 − லொன் 3 = லொன் 4. இதில் மறைச் சுட்டியைக் கொண்டுவந்து 12 × 3⁻¹ என்று எழுதுவது வீண்வேலை. மேலேயும் கீழேயும் வெவ்வேறு கூட்டல் கோவைகள் நின்றாலும் ஈவு விதியே கண்ணுக்குத் தெளிவு.

இங்கும் நிபந்தனை உண்டு. லொன்((க + 1)/(க − 1)) க்கு க = −3 இல் பெறுமானம் இருக்கிறது, உள்ளே 1/2. பிரித்து எழுதியவுடன் லொன்(−2) வந்துவிடும். பிரிக்கும்போது மட்டுக்குறி போடுங்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு பழங்கதை. 1614 இல் ஸ்கொட்லாந்தின் ஜோன் நேப்பியர் வெளியிட்ட முதல் மடக்கை அட்டவணையில் எண் சிறிதாகச் சிறிதாக மடக்கை பெரிதாகும். இன்றைய எழுத்தில் சொன்னால் அவருடைய மடக்கை 10⁷ × லொன்(10⁷/எண்). அதாவது பின்னத்தைத் தலைகீழாக உள்ளே வைத்து, வெளியே மறைக்குறி வராமல் பார்த்துக்கொண்டது அந்த அட்டவணை. மறைச் சுட்டியை இன்று நாம் எழுதுவதுபோல நியூட்டன் தம் கடிதங்களில் எழுதியது 1676 இல். நேப்பியருக்கு அந்த வசதி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது.

## வரைவிலக்கணத்துக்குத் திரும்பும் வழி

லொன்னின் வரைவிலக்கணம் இது: லொன் க = ப என்றால் ஈ^ப = க. இங்கே ப மறை எண்ணாகவும் இருக்கலாம். லொன்(1/ஈ³) = ப என்று வையுங்கள். அப்படியென்றால் ஈ^ப = 1/ஈ³ = ஈ⁻³. அடி சமன், ஆகவே ப = −3. கேள்வியில் வந்த "அண்ணாவின் வழி" இதுவாக இருக்கவேண்டும்.

எளிய சுருக்கலுக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. புதிதாக ஒரு மாறி, கூடுதலாக இரண்டு வரி. ஆனால் மாறி லொன்னுக்குள் அகப்பட்டிருந்தால் வேறு வழி கிடையாது: லொன் க = −2 என்றால் க = ஈ⁻² = 1/ஈ², ஏறத்தாழ 0.135. இன்னொரு பயன், விதியில் சந்தேகம் வரும்போது. லொன்(1/க) = −லொன் க என்பது ஏன் என்று கேட்டால் விடை இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டாம் தரத் தொடக்கத்தில் சில கணக்கையாவது இப்படிச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிடலாம்.

## தசமமாக்கிப் பார்க்கும் வழி

லொன் 0.125 என்று கல்குலேற்றரில் தட்டினால் −2.0794 வரும். −3 லொன் 2 ஐத் தட்டினாலும் அதே. சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை, வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் −2.0794 ஐ மட்டும் பார்த்த ஒருவருக்கு அதற்குள் 2 இன் வலு ஒளிந்திருப்பது தெரியாது. அடுத்த வரியில் இன்னொரு லொன் 2 வந்து வெட்டுப்படவேண்டியிருந்தால் அந்த வாய்ப்பு போய்விட்டது.

சாதாரண தரத்தில் பழகிய மடக்கை அட்டவணையைக் கொண்டும் போகலாம்: அடி 10 மடக்கையை 2.3026 ஆல் பெருக்கினால் இயற்கை மடக்கை. இங்கே ஒரு குழி இருக்கிறது. 0.125 இன் மடக்கையை அட்டவணை முறையில் எழுதும்போது 1 க்கு மேல் பார் என்ற சிறு கோடு போட்டு .0969 என்று எழுதுகிறோம். அந்தப் பார் 1 க்கு மட்டும் உரியது, .0969 நேர் எண். ஆகவே உண்மையான பெறுமானம் −1 + 0.0969 = −0.9031. அதை 2.3026 ஆல் பெருக்கினால் −2.079. பாரை முழு எண்ணுக்கும் மறைக்குறியாக எடுத்து −1.0969 ஐப் பெருக்கினால் −2.526 என்று தவறிப்போகும். அந்தப் பார் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 0.125 = 1.25 × 10⁻¹. அதுவும் ஒரு மறைச் சுட்டிதான்.

வீடியோ பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நுண்கணிதப் பகுதியில் அடி குறிப்பிடாமல் லொக் என்று எழுதினால் அது பெரும்பாலும் இயற்கை மடக்கை. நம் வகுப்பில் அடி குறிப்பிடாத லொக் 10 இன் அடிக்கு உரியது. பைதன், மற்லாப் ஆகிய கணினி மொழிகளிலும் லொக் என்று தட்டினால் கிடைப்பது இயற்கை மடக்கையே. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கப் போகிறவர்களும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களும் இதை முதல் வருடத்திலேயே சந்திப்பீர்கள். அங்கே வழித்தெரிவு இன்னும் முக்கியமாகும்: 10⁻³¹⁰ போன்ற மிகச் சிறிய எண்ணுக்கு முதலில் 1/க ஐக் கணித்துப் பிறகு லொன் எடுத்தால், கணினி வழமையாக எண்களை வைக்கும் முறையின் எல்லையான ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸ ஐத் தாண்டி விடை முடிவிலியாகிவிடும். −லொன் க என்று எழுதிக் கணித்தால் 713.8 என்று ஒழுங்காக வரும்.

## குளத்துத் தண்ணீரில் ஒரு கணக்கு

வழித்தெரிவு அடுத்த வரியை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க ஒரு கணக்கு. இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ, மாரி மழையில் கலங்கிய தண்ணீருக்குள் வெளிச்சம் ஆழத்தோடு அடுக்குக்குறி முறையில் குறையும்: செறிவு = மேற்பரப்புச் செறிவு × ஈ^(−மஆ). ஆ என்பது ஆழம், ம அந்தத் தண்ணீருக்குரிய மாறிலி. 2 மீற்றர் ஆழத்தில் செறிவு மேற்பரப்பின் 1/16 ஆகிவிட்டதென வைப்போம். (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.) எந்த ஆழத்தில் 1/4 ஆக இருந்திருக்கும்?

மறைச் சுட்டி வழியில் 1/16 = 2⁻⁴. ஆகவே −4 லொன் 2 = −2ம, ம = 2 லொன் 2. அடுத்தது 1/4 = 2⁻². −2 லொன் 2 = −2 லொன் 2 × ஆ. ஆ = 1 மீற்றர். லொன் 2 இன் பெறுமானம் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

தசம வழியில் லொன் 0.0625 = −2.7726, ம = 1.3863, லொன் 0.25 = −1.3863, வகுத்தால் 1. விடை அதுவே. ஆனால் இந்த இரண்டு லொன் பெறுமானங்களையும் அட்டவணை பார்த்து எடுக்க வேண்டும். ஈவு விதியில் −லொன் 16, −லொன் 4 என்று வரும். 16 ஐயும் 4 ஐயும் 2 இன் வலுக்களாக எழுதும் வேலையை எப்படியும் பிறகு செய்யவேண்டும். முன்னுக்குச் செய்துவிடுவதுதான் மறைச் சுட்டி.

பௌதிகவியலில் கதிர்த்தொழிற்பாட்டுக் கணக்குகளும் இதே அச்சு. அயடீன்-131 இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாள். அது 1/32 ஆகக் குறைய எத்தனை நாள்? 1/32 = 2⁻⁵, ஆகவே ஐந்து அரை ஆயுட்காலம், 40 நாள். தேய்வு மாறிலிக்கு 0.693 ஐ 8 ஆல் வகுத்து, பிறகு அதனால் 3.466 ஐ வகுத்து வந்தாலும் அங்கேதான் போய்ச் சேருவீர்கள். கேட்ட பின்னம் 1/32 ஆக இல்லாமல் 1/30 ஆக இருந்தால் இந்தச் சுருக்குவழி உதவாது. அப்போது தசமப் பெறுமானம்தான் வேண்டும்.

## யாருக்கு எது

முதல் தடவை உயர்தரம் எழுதப்போகிறவர் மறைச் சுட்டியை இயல்பு வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வகையிடலும் பௌதிகவியலும் இரண்டுமே அதற்குச் சாதகம். ஈவு விதியை விடச் சொல்லவில்லை. தொகையீட்டு எல்லைகளுக்கு அது வேண்டும்.

இரண்டாம் முறை எழுதுகிறவர், ஈவு விதியே கைக்கு வந்துவிட்டதென்றால் அதை இப்போது மாற்றப் போகவேண்டாம். பகுதியில் இரண்டு காரணி கண்டவுடன் அடைப்புப் போடும் ஒரு பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். பரீட்சைக்கு முன் வழியை மாற்றுவதால் வரும் பிழை, பழைய வழியில் இருக்கும் பிழையைவிடக் கூடுதலாக இருக்கும்.

ரீச்சர் ஒருவழி, சேர் ஒருவழி என்று அகப்பட்டிருக்கும் தங்கைக்கு: வினா எந்த வழியென்று குறிப்பிடாதவரை இரண்டும் சரி. "எனக் காட்டுக" என்று வந்தால் காட்டவேண்டிய வரியை முதலில் பாருங்கள். அங்கே லொன் ஒன்றாகச் சேர்ந்து நின்றால் ஈவு விதிப் பக்கம், உறுப்புகளாகப் பிரிந்து நின்றால் மறைச் சுட்டிப் பக்கம்.

பழக இரண்டு கோவை தருகிறேன், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது லொன்(√ஈ/(4க³)). உள்ளே எல்லாம் பெருக்கல். ஆகவே ஈ^(1/2) × 2⁻² × க⁻³ என்று எழுதி 1/2 − 2 லொன் 2 − 3 லொன் க என்று முடிக்கலாம். இரண்டாவது லொன்(√ஈ/(4க³ + 1)). பகுதியில் ஒரு 1 கூடிவிட்டது. இப்போது (4க³ + 1)⁻¹ முழுவதுமாகத்தான் நகரும். விடை 1/2 − லொன்(4க³ + 1). அதை 4, க³ என்று மேலும் பிரிக்கக் கை போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்தக் கோவை அவ்வளவுதான் சுருங்கும்.